பையைப் பார்த்துக்கொள்பவர்

"மாமா வந்தாதான் நான் போவேன்" என்று அக்கா மகள் ஒரே பிடியாக நின்றாள். அவளுக்கு 9 வயது. டிசம்பர் பள்ளி விடுமுறை, செந்தோசா, யூனிவர்சல் ஸ்டுடியோஸ். எனக்கு 28 வயது. இடுப்பில் எல்4, எல்5 என்று எண்ணிட்ட இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிதுங்கிய ஒரு டிஸ்க். சரி வரேன் என்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

முதுகு வலிக்காரன் அங்கே பயப்பட வேண்டியது ரோலர் கோஸ்டருக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ரோலர் கோஸ்டராவது வாசலிலேயே பலகை வைத்து, முதுகு, கழுத்து, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. வரிசைக்கு அப்படி எந்தப் பலகையும் கிடையாது. நடந்தால் எனக்குச் சமாளிக்க முடியும். ஒரே இடத்தில் நிற்பதுதான் முடியாது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு இடது புட்டத்தில் ஒரு சூடு கிளம்பும். தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, பெருவிரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் வரிசை 45 நிமிடம். கம்பியில் சாய்ந்தேன், கால் மாற்றி நின்றேன், ஷூ கயிறு கட்டுவதுபோல் மூன்று முறை குந்தி உட்கார்ந்தேன். கயிறு அவிழவே இல்லை.

"வீல்சேர் எடுத்துக்கலாமாடா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். என்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இருக்காது. வெளியே தெரியாத உடல் பிரச்சினை உள்ளவர்கள் பேருந்திலும் எம்ஆர்டியிலும் இடம் கேட்பதற்காகக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை தருகிறார்கள். நானும் வாங்கினேன். ஒரு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. வலியைவிட அதை இன்னொருவருக்கு நிரூபிக்க வேண்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய கூச்சம்.

மதியத்துக்கு மேல் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு வந்தோம். இரண்டு இரும்புத் தடங்கள். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், நீலத்தில் தொங்கிக்கொண்டு போகலாம். உயரம் 42.5 மீட்டர். அக்கா மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்குறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று உறைத்தது.

2011, ஜூன் விடுமுறை. எனக்கு 14 வயது. அப்பாவின் வேலையிடத்தில் யார் மூலமாகவோ சலுகை விலையில் டிக்கெட் கிடைத்தது. உள்ளே நுழைந்ததும் எங்கள் பைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, இதையேதான் சொன்னார். காலையிலிருந்து சாயங்காலம்வரை குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்றில்கூட ஏறவில்லை. எனக்கு ஒரே கோபம். பள்ளி திறந்ததும் கூட்டாளிகளிடம், "எங்கப்பாவுக்குப் பயம்டா" என்று சொல்லிச் சிரித்தேன்.

அப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் 26 வருடம் வெல்டர். இரவில் கூடத்தில் பாயைப் போட்டுக் குப்புறப் படுப்பார். அம்மா கோடாலித் தைலம் தேய்ப்பார். அந்த வாசம் எங்கள் வீட்டின் வாசம் என்றுதான் நினைத்து வளர்ந்தேன். அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. எம்ஆர்ஐ எடுத்ததும் இல்லை.

என்டியூவில் உலோகக் களைப்பு என்று ஒரு பாடம் படித்தேன். ஒரு பொருள் ஒரே பெரிய சுமையில்தான் உடைய வேண்டும் என்பதில்லை. அது சாதாரணமாகத் தாங்கக்கூடிய சுமையே திரும்பத் திரும்ப வந்தாலும் விரிசல் விட்டு உடையும். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை முறை சுமை வந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சுமை சிறியதானாலும் எண்ணிக்கை கூடக்கூட ஒருநாள் உடையும். தேர்வில் இதற்கு வளைகோடு வரைந்து முழு மதிப்பெண் வாங்கினேன். வீட்டில் பாயில் படுத்திருந்தவரை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உலோகம்போல் அல்லாமல் உடம்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் டிஸ்க்குக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதன் பழுது மெதுவாகத்தான் ஆறும். அப்பாவுக்கோ மறுநாள் காலையே ஷிப்ட்.

அக்கா மகள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தாள். "ஏன் மாமா வரல, பயமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எளிது. அப்பா எங்களிடம் எதுவும் விளக்கியதில்லை.

"பயமில்லம்மா. மாமாவுக்கு முதுகு வலி. ரொம்ப நேரம் நிக்க முடியாது."

"அப்ப ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள். அடுத்த இரண்டு வரிசைகளில் நான் நிற்கவில்லை. அவளே பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் கேட்டேன். "2011ல போனோமே, அன்னிக்கு உங்களுக்கு முதுகு வலிச்சதாப்பா?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தினமும்தான் வலிச்சுது. அன்னிக்கு மட்டும் தனியா எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "பாப்கார்ன் கடைக்கு எதுத்தாப்புல பெஞ்சு. மூணு மணிக்கு வெயில் வந்துருச்சு. ரெண்டு தடவ எடம் மாறுனேன்" என்றார்.

கூட்டாளிகளிடம் நான் சொல்லிச் சிரித்ததை அவரிடம் சொல்லவில்லை. அலமாரியிலிருந்த அட்டையை எடுத்து வேலைக்குக் கொண்டுபோகும் பையில் போட்டிருக்கிறேன். இன்னும் கழுத்தில் மாட்டவில்லை.