கோடிக்கரைக்கு ஓர் ஆற்றுப்படை

நுழையும்முன்

விடுமுறை என்றதும் மலைவாழிடங்களை நினைக்கும் நம் பழக்கத்தை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று சிறிது காலம் நிறுத்திவைத்தது. தொலைவுப் பயணங்கள் தடைப்பட்ட அந்நாளில் பலர் தம் ஊருக்கு அருகிலிருந்த இடங்களைத் தேடிச் சென்றனர். அவ்வாறு கோடிக்கரைக்குச் சென்ற ஒருவர், அங்கே தாம் செய்த பிழையையும் அதிலிருந்து தாம் கற்றதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறார்.

அருகிலிருந்த தொலைவு

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகே, வயல்களின் நடுவே அமைந்த சிற்றூர். அங்கிருந்து கோடிக்கரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் என் இளமைப் பருவத்தில் கோடிக்கரைக்குச் செல்வதை யாரும் பயணம் என்று சொன்னதில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பாட்டியுடன் சென்று கடலில் நீராடுவோம். கட்டுச்சோற்றை உண்டுவிட்டு மாலைக்குள் வீடு திரும்புவோம். பயணம் என்றால் அது உதகைக்கோ கொடைக்கானலுக்கோ மே மாதத்தில் போவதுதான். பெட்டி கட்ட வேண்டும். கம்பளிச்சட்டை இரவல் வாங்க வேண்டும். திரும்பி வந்து அண்டை வீட்டாரிடம் கதை சொல்ல வேண்டும். அருகில் இருந்த ஒரே காரணத்தால் கோடிக்கரை எங்கள் கண்ணுக்குப் படாமலே போயிற்று.

கோடி என்னும் சொல்லுக்கு முனை, கடைசி என்று பொருள். தெற்கு நோக்கி வரும் சோழநாட்டுக் கடற்கரை இந்த முனையில்தான் மேற்கே திரும்புகிறது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பாக் நீரிணை. இடையே பாலை மரங்கள் செறிந்த உலர் பசுமைக்காடு, வெளிமான்கள் மேயும் புல்வெளி, உப்பளங்கள், சதுப்புநிலங்கள். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்குப் பூங்குழலி படகு செலுத்திய கரையாக இவ்வூர் நினைவில் இருக்கும். நானும் அந்நூலைப் பலமுறை படித்தவன். படித்த கோடிக்கரையை வியந்தேன். பக்கத்திலிருந்த கோடிக்கரையைப் பார்க்கவில்லை.

உலகம் நின்ற நாள்கள்

2020 மே மாதத்தில் இமயமலைப் பகுதிக்குச் செல்ல எங்கள் குடும்பம் திட்டமிட்டிருந்தது. தொடர்வண்டிக்கு முன்பதிவும் செய்திருந்தோம். மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பயணச்சீட்டை நீக்கம் செய்தபோது அதைப் பெரிய இழப்பாக நினைத்தேன். நாள் செல்லச் செல்ல, பக்கத்துத் தெருவில் நிகழ்ந்த இறப்புக்குக்கூடப் போக முடியாத நிலை வந்தபோதுதான் இழப்பு என்பதன் பொருள் எனக்கு விளங்கியது.

உலகெங்கும் இதே நிலைதான். 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 146 கோடியாக இருந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை, 2020இல் ஏறத்தாழ 40 கோடியாகச் சரிந்தது. இந்தியாவிற்கு வந்த அயல்நாட்டினரின் எண்ணிக்கை ஒரு கோடியே ஒன்பது இலட்சத்திலிருந்து 27 இலட்சமாகக் குறைந்தது. எங்கள் கடற்கரையோ இந்த எண்களை வேறு வகையில் உணர்ந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரின் வரிசையை அவ்வாண்டு சாலையில் காணவில்லை. அமாவாசை நீராடலுக்கும் தடை வந்தது. காடு, காப்பகம், கடற்கரை யாவற்றின் வாயில்களும் மூடப்பட்டன.

அந்நாள்களில் என் தாய் அடிக்கடி ஒன்றைச் சொல்வார். கோடிக்கரைக்கு வந்த சுந்தரர், இந்தக் கடற்கரையில் துணையின்றித் தனியே ஏன் இருக்கிறாய் என்று குழகரைப் பார்த்து வருந்திப் பாடினாராம். “இப்போது நாம் எல்லாருமே கோடிக்குழகர்தான்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் இருந்த சோர்வு என்னை உறுத்தியது. பத்து மாதங்களாக அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

பந்தியில் அமர்ந்தவர்கள்

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் சற்றே தளர்ந்தன. “தூரமாக எங்கும் வேண்டாம். கடலைப் பார்த்தால் போதும்” என்றார் தாய். பேருந்தில் செல்ல அச்சமாக இருந்ததால் மகிழுந்தில் புறப்பட்டோம். தாயும் நானும் என் தமக்கையின் மகனும் முகக்கவசத்துடன் அமர்ந்திருந்தோம். வேதாரண்யம் தாண்டியதும் வியப்பு காத்திருந்தது. எங்களைப் போலவே நினைத்தவர்கள் எத்தனையோ பேர்! வழியெங்கும் தஞ்சை, திருவாரூர், திருச்சிப் பதிவெண் கொண்ட வாகனங்கள். தொலைவுக்குப் போக இயலாத ஊர்கள் எல்லாம் அருகிலிருந்த ஒற்றைக் கடல்முனைக்குத் திரண்டு வந்ததுபோல் இருந்தது.

கடலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் நின்றிருந்தன. நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, அவை இரை வடித்துக்கொண்டிருந்தன. வெண்மையின் ஓரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது. சிறகு விரித்தால் அந்நிறம் முழுதாகத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். அதைப் படமெடுக்கும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. “நீ அந்தப் பக்கமாக ஓடு, நான் படம் எடுக்கிறேன்” என்று சிறுவனை ஏவினேன். அவன் கையைத் தட்டிக்கொண்டு சேற்றில் ஓடினான். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. வானம் சிவந்தது. படம் அருமையாக வந்தது.

கருவாட்டுக் கூடையுடன் அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் நின்றார். கோபம் இல்லாத குரலில், “தம்பி, அதுங்க தின்ன வந்திருக்கு. பந்தியில ஒக்காந்தவங்களக் கையப் புடிச்சு எழுப்புவீங்களா?” என்று கேட்டார்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. என் தாய்தான் அவரிடம், “பெரியம்மா, தெரியாமச் செஞ்சிட்டாங்க” என்றார். ஆனால், தெரியாமல் செய்தவன் சிறுவன் மட்டுமே. ஏவியவனுக்கு வயது நாற்பதுக்கு மேல்.

வீடு திரும்பிய பின்னர்ப் பறவைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பூநாரைகளுடன் அதே நீர்விளிம்பில் கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவையும் இரை தேடும். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம்; ஒரு கைப்பிடி அரிசியின் எடைகூட இல்லை. வட துருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் அது, குளிர்காலத்தைக் கழிக்க நம் கரைக்கு வருகிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறப்பதற்கான வலிமையை, இங்கே உண்ணும் புழுக்களிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. வீணாக ஒருமுறை எழுந்து பறந்தால், சேர்த்த வலிமையில் ஒரு பங்கு கரைந்துவிடும். மூதாட்டி ஒரே தொடரில் சொன்னதைத்தான் நூல்கள் பல பக்கங்களில் சொல்லியிருந்தன. நான் எடுத்த படத்தின் விலையை அந்தப் பறவைகள் கொடுத்திருந்தன.

தெரிந்து தெளிவோம்
கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் 1967ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. இங்கு வெளிமான்கள் காக்கப்படுகின்றன. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவானது. 2002ஆம் ஆண்டு கோடியக்கரை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து இப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவேயாகும்.

தேநீர்க்கடையில் ஒரு வழக்கு

அன்று ஊர் திரும்புமுன் ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தம் கதையைச் சொன்னார். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் அவருடைய கூரை பறந்தது, தென்னைகள் சாய்ந்தன. கடன் வாங்கிக் கடையை மீண்டும் எழுப்பினார். ஓராண்டு வியாபாரம் பார்த்தார். பிறகு ஊரடங்கு வந்தது. மாதக்கணக்கில் அடுப்பு எரியவில்லை.

“ஆள் வராட்டி எங்க வயிறு காயுது. கூட்டமா வந்தா காடு காயுது. எதைச் சொல்றது நான்?” என்றார்.

கடையின் பின்புறம் நெகிழிப் புட்டிகள் குவிந்திருந்தன. எதிரே ஒரு குரங்கு, யாரோ வீசிய சிற்றுண்டிப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது. பயணிகளே வேண்டாம் என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்பவர் அந்தக் கடைக்காரரின் கண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு பேர் வந்தாலும் நல்லது என்று சொல்வதும் எளிது. அப்படிச் சொல்பவர் அந்தக் குரங்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

மாறியதும் மாறாததும்

பெருந்தொற்றுக்குப் பின் நம் பயணங்கள் பல வகைகளில் மாறின. தொலைவுக்கு மாற்றாக அண்மையையும், பெருங்குழுவுக்கு மாற்றாகத் தம் குடும்பத்தையும், பொது வாகனத்துக்கு மாற்றாகச் சொந்த வாகனத்தையும் மக்கள் தேர்ந்தனர். பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடும் வழக்கம் தளர்ந்தது. நினைத்த நாளில் புறப்படும் வழக்கம் வளர்ந்தது. ஆயினும் எல்லா மாற்றங்களும் நிலைக்கவில்லை. 2024ஆம் ஆண்டில் பன்னாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை மீண்டும் ஏறத்தாழ 140 கோடியை எட்டிவிட்டது. மலைகளை நோக்கிய வாகன வரிசைகளும் திரும்பின.

ஒரு மாற்றம் மட்டும் வேறு உருவில் திரும்பி வந்தது. 2020இல் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதி வேண்டியிருந்தது. நோயிலிருந்து மனிதரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு அதே இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. இம்முறை அது மனிதரிடமிருந்து மலையைக் காப்பதற்கு! 2025ஆம் ஆண்டுக் கோடையில் உதகைக்கு வார நாள்களில் 6000 வாகனங்கள், வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று வரம்பும் வகுக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு 4000, 6000 என்பது அப்போதைய வரம்பு. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்னும் கேள்வியை நாம் இப்போதுதான் எண்களால் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

மீண்டும் ஒரு பயணம்

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டிக்கும் அகத்தியம்பள்ளிக்கும் இடையே 37 கிலோமீட்டர் அகலப்பாதையில் தொடர்வண்டிப் போக்குவரத்து தொடங்கியது. அடுத்து வந்த தை மாதத்தில் நாங்கள் மூவரும் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை மகிழுந்து இல்லை. சாளரத்தின் இருபுறமும் சம்பா நெல் தலை சாய்ந்து நின்றது. பின்னர் வயல் மறைந்து உப்பளம் வந்தது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளி அதுதான். அவர்களும் பயணிகளே, ஆனால், வழியெல்லாம் மக்களின் விருந்தினராக வந்தவர்கள் என்று தாயிடம் சொன்னேன். “விருந்தாளிக்கு வீட்டுக்காரர் மனசு தெரியணும்” என்றார் அவர்.

அங்கிருந்து பேருந்தில் கோடிக்கரையை அடைந்தோம். அன்று சேற்றில் ஓடிய சிறுவன், இப்போது மீசை அரும்பிய இளைஞன். நீர்ப்பரப்பு கண்ணில் பட்டதும் தானாகவே குரலைத் தாழ்த்தினான். சாலையோரத்திலேயே நின்றோம். இரவல் வாங்கி வந்த இருகண்ணோக்கியை முதலில் அம்மாச்சியின் கையில் கொடுத்தான். அவர் நெடுநேரம் பார்த்தார். பூநாரைகள் எழவில்லை, தலை நிமிரவும் இல்லை. அவற்றின் காலடியில் உள்ளான்கள் ஓடி ஓடி உண்டன. படம் ஏதும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் தொலைவில் வெண்புள்ளிகளே தெரிந்திருக்கும்.

பழைய தேநீர்க்கடை அங்கேயே இருந்தது. கொண்டு சென்ற உணவைப் பிரிக்காமல், அவர் கடையிலேயே உண்டோம். வெறும் புட்டிகளை ஊருக்கே திரும்ப எடுத்து வந்தோம். இவை பெரிய செயல்கள் அல்ல என்பதை அறிவேன். ஆயினும், காடும் கடையும் சேர்ந்து வாழ்வதற்கான நடுவழி இத்தகைய சிறு செயல்களால்தான் அமையும் என்று நம்புகிறேன்.

நம் முன்னோர் பயணத்துக்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்தனர். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவரை ஆற்றுப்படுத்துவார். எங்கே செல்வது என்பதோடு அவர் நிறுத்துவதில்லை. மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை, வழியின் இடர்களையும் அங்கே நடந்துகொள்ளும் முறையையும் விரிவாகக் கூறும். பெருந்தொற்றுக்குப் பின் நமக்கு வழிகாட்டும் கருவிகளுக்குக் குறைவில்லை. கைப்பேசி எந்த ஊருக்கும் வழி சொல்லும். எப்படிச் செல்வது என்பதை மட்டும் சென்று வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, கோடிக்கரைக்குச் செல்லவிருக்கும் இளையோரே, சென்று வந்தவன் சொல்கிறேன். ஐப்பசிக்குப் பின் செல்லுங்கள், பறவைகள் வந்திருக்கும். இயன்றவரை தொடர்வண்டியில் செல்லுங்கள். அந்த ஊர்க் கடையில் உண்ணுங்கள். நீர்விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடுங்கள். உங்களுக்கு முன்பே அங்கே பந்தியில் அமர்ந்திருப்பவர்கள், உங்களைவிட நெடுந்தொலைவு கடந்து வந்தவர்கள்.