அன்னையின் குரல்

சென்ற மாரியில் ஓரிரவு, என் கணினியின் வன்தட்டு பல்லி சொல்வதுபோல் ஒலித்து ஓய்ந்தது. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழன்ற தட்டு அது. பிரதியெடுத்து வைக்கும்படி பிறர்க்கு உபதேசிக்கும் நான், என் வீட்டில் அதனைச் செய்தேனில்லை!

“அப்பா, இதிலேயே விண்டோசைத் திரும்பப் பதிவோமா?” என்றான் மகன். தடுத்தேன், எஞ்சியவையும் அழிந்துவிடக்கூடும். ஒடியற்கூழின் பக்குவத்தைக் காலஞ்சென்ற என் அன்னையார் சொல்லச் சொல்லப் பதிந்த ஒலிப்பதிவுகள் அதிலே இருந்தன.

புதிய தட்டொன்றைப் பொருத்தி, அயல்வீட்டுக் கணினியில் ஆயத்தஞ் செய்த பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை ஏற்றினோம். ஒரு மணி நேரத்துள் திரை ஒளிர்ந்தது, மகன் கைகொட்டினான். எனக்கோ மனம் ஆறவில்லை. இயங்குதளம் எவர்க்கும் மறுபடி கிடைக்கும்.

பின்னர் பழைய தட்டை வெளியே இணைத்து, வாசிக்கக்கூடியவற்றைப் பிரதி செய்தோம். மூன்று பதிவுகளில் ஒன்றே தேறியது. அதுவும், மாவைக் கரைத்து ஊற்றும் இடத்தில் நின்றுவிடுகிறது.