ஒரு பிடி அரிசி

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பித்தளைச் செம்பு உண்டு. ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்ததும் என் தாயார் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தச் செம்பில் இடுவார். அதன் பின்னரே அரிசியைக் களைவார். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாய் நடந்துவரும் வழக்கம் இது. இவ்வாறு சேரும் அரிசி ஆலயத்திற்குக் காணிக்கையாகச் செல்லும். நாகபுரி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த எனக்கோ இது வெகுகாலம் பொருளற்ற பழக்கமாகவே தோன்றிற்று. “இந்த ஊரில் பிடி அரிசி வாங்க யார் வரப் போகிறார்கள், அம்மா? நூறு ரூபாயைக் காணிக்கைத் தட்டில் போட்டால் போதாதா?” என்று நான் நகைத்ததுண்டு. அந்த நகைப்பு எவ்வாறு அடங்கிற்று என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

என் பாட்டனார் ரயில்வே வேலை தேடி நாகபுரிக்கு வந்தவர். தகப்பனாரும் ரயில்வேயிலேயே பணியாற்றி, ஓய்வு பெறுமுன்னரே காலமானார். மெட்ரிகுலேஷன் மட்டும் தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆகவே உத்தியோகத்தைப் போலவே விசுவாசமும் எனக்குத் தகப்பனார் வழியில் வந்ததே அன்றி, நானாகத் தேடிப் பெற்றதன்று. ஞாயிறு தோறும் ஆராதனைக்குச் செல்வேன். மாலை ஜெபத்தில் உட்காருவேன். ஆயினும் உள்ளத்தை அது தொட்டதா என்று எவரேனும் கேட்டிருந்தால் விடையிறுக்கத் தெரிந்திராது.

குலப்பெருமை மட்டும் நிறைய இருந்தது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், இடையன்குடியில் பல்லாண்டு வாழ்ந்து ஊழியம் செய்தவர் அல்லவா? எங்கள் பூர்விகக் கிராமமும் அந்தத் தேரிக்காட்டுப் பகுதியைச் சேர்ந்ததே. எங்கள் முன்னோர் அவர் காலத்தில் உபதேசியாராகவோ, பள்ளி ஆசிரியராகவோ இருந்திருப்பர் என்று நானே கற்பனை செய்து, அதனை உண்மை போலப் பிறருக்கும் சொல்லி வந்தேன்.

ஒரு நாள் தேநீர் வேளையில் உடன் வேலை செய்யும் ஒருவர் சிரித்துக்கொண்டே, “உங்கள் ஆட்கள் எல்லாரும் சோற்றுக்காக மதம் மாறினவர்கள்தானே?” என்றார். பகைமையால் சொன்னதன்று, வேடிக்கையாகச் சொன்னதே. எனினும் அச்சொல் முள்ளாய்த் தைத்தது. அது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்ற ஆத்திரம் எனக்குள் எழுந்தது.

2018-ஆம் ஆண்டு எங்கள் ஊர் ஆலயத்தின் அசனப் பண்டிகை வந்தது. ஊரார் அனைவரும் ஒரே பந்தியாய் அமர்ந்து உண்ணும் பொது விருந்தையே எங்கள் பக்கத்தில் அசனம் என்பார்கள். தாயாரை அழைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும், அங்கிருந்து நெல்லைக்கும் பயணமானேன். சிவந்த மணலும் பனைகளும் நிறைந்த அந்த ஊரில், குருவானவரின் அனுமதி பெற்றுப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினேன். தாள்கள் பழுத்திருந்தன, ஓரங்கள் உதிர்ந்தன. கடைசியில் என் பாட்டனாருடைய பாட்டனாரின் பெயரைக் கண்டேன். அப்போது அவர் பத்து வயதுச் சிறுவர். தாய் தகப்பனோடு ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். தகப்பனின் தொழில், பனையேற்று. ஆண்டு, 1878.

அந்த ஆண்டைப் பார்த்ததும் என் முகம் வாடிவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் சொல்லும் பெரும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அக்காலத்தில் மிஷன்கள் கஞ்சியும் தானியமும் வழங்கின. திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். பஞ்சம் நீங்கியபின் திரும்பிச் சென்றவர்களும் உண்டு. ஆகவே என் நண்பர் சொன்னது மெய்தான். உபதேசியாரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பசித்த ஒரு பனையேறியின் குடும்பமே எங்களுடையது.

வாட்டத்தோடு ஆலயத் திண்ணையில் அமர்ந்திருந்த என்னிடம், எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒரு முதியவர் வந்து காரணம் கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிறிதும் வருந்தவில்லை.

“சோற்றுக்குத்தான் வந்தோம், தம்பி. அதில் வெட்கம் என்ன? பிள்ளை பசியால் அழும்போது எந்தத் தாய் வேதம் விசாரித்துக்கொண்டிருப்பாள்? வந்தது எதற்கு என்று பார்த்தாய்; வந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பார்த்தாயா?” என்று கேட்டுவிட்டு, ஆலயத்தின் சுவரைத் தட்டிக் காட்டினார். “இந்தச் சுவர் பிடி அரிசியால் எழும்பியது. கஞ்சி வாங்கி உயிர் பிழைத்த அதே பெண்டுகள், உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். தங்களுக்கே அரை வயிறாய் இருந்த வீடுகளிலும் வைத்தார்கள். உன் முப்பாட்டியும் வைத்திருப்பாள். கை ஏந்தினவர்கள்தாம், தம்பி. ஏந்தின கையாலேயே கொடுத்தார்கள்.”

இயேசு பெருமானைத் தேடி மறுநாளும் வந்த திரளான மக்களைக் குறித்துச் சுவிசேஷம் சொல்வது அப்போது நினைவுக்கு வந்தது. அவர்கள் அப்பம் தின்று திருப்தியானதினாலேயே தம்மைத் தேடுகிறார்கள் என்று அவர் அறிந்திருந்தார். அதை அவர்களிடமே சொன்னார். ஆயினும் அவர்களோடு பேசாமல் போய்விடவில்லை. வந்த காரணம் சிறியதாயிருந்தும் அவர்களைப் புறக்கணியாதவர், என் முன்னோரையும் அவ்வாறே ஏற்றார் என்று எண்ணினேன். அன்று அசனப் பந்தியில் உண்ட சோறு எனக்கு வேறொரு ருசியாயிருந்தது.

ஆனால் அறிந்துகொண்டதெல்லாம் உடனே குணமாகிவிடுவதில்லை. 2020-ஆம் ஆண்டு மே மாதம், ஊரடங்கினால் வேலையிழந்த தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சிறப்பு ரயில்கள் வடக்கே சென்றன. நாகபுரி நிலையத்தில் நின்ற வண்டிகளுக்கு உணவுப் பொட்டலமும் தண்ணீரும் வழங்கும் வேலையில் ஒரு நாள் நானும் இருந்தேன். சன்னலோரம் குழந்தையோடு இருந்த ஒரு பெண் இந்தியில் இரண்டு பொட்டலம் கேட்டாள். “ஆளுக்கு ஒன்றுதான்” என்று கடுமையாகச் சொன்னேன். சோறு என்றால் இவர்களுக்கு ஆசை அடங்காது என்ற நினைப்பும் எழுந்தது. அந்த நினைப்பை மறைக்காமல் இங்கு எழுதுகிறேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். குழந்தைக்கு ஊட்டுமுன், தான் ஒரு வாய் உண்ணுமுன், ஒரு பிடிச் சோற்றைத் தனியே ஒரு காகிதத்தில் எடுத்து, எதிர் இருக்கையில் போர்த்துப் படுத்திருந்த கிழவரின் தலைமாட்டில் வைத்தாள். நான் அந்தக் கிழவரைக் கவனித்திருக்கவே இல்லை. இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. சிறிது தூரம் ஓடினேன், எட்டவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியபோது தாயார் உலை வைத்துக்கொண்டிருந்தார். செம்பில் அரிசி விழும் ஓசை கேட்டது. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் எந்த மதத்தினள் என்று நான் அறியேன். ஆனால் 1878-இல் பதிவேட்டில் எழுதப்பட்ட அந்தத் தாயின் முகத்தை அவளிடத்தில் கண்டேன் என்றே சொல்லுவேன். என் விசுவாசம் எனக்குச் சொந்தமானது அன்றைய ஜெபத்திலேதான். நான் கேட்டது மன்னிப்பு ஒன்றே.

இப்போது செம்பில் அரிசி இடுபவள் என் மகள். நிறைந்ததும் ஆலயத்தில் கொடுக்கிறோம். அங்கிருந்து இல்லாதோர் வீட்டுக்குச் செல்கிறது. தமிழ் எழுத்துக்களை இன்னும் தடுமாறியே படிக்கும் அவளுக்கு, இந்தப் பிடி அரிசியின் கதை மட்டும் தடுமாற்றமின்றித் தெரியும். பஞ்சத்தையும் மறைக்காமல், ரயில் சன்னலையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

அன்று வேடிக்கை பேசிய நண்பர் இப்போதும் என் பக்கத்து மேசையில்தான் இருக்கிறார். அவரிடம் ஒரு நாள், “நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் முன்னோர் சோற்றுக்காகவே வந்தார்கள்” என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, தம் தகப்பனாரும் வறட்சிக்கு அஞ்சியே கிராமத்தை விட்டு நாகபுரிக்கு வந்ததாகச் சொன்னார்.

அன்பர்களே! நாம் எந்தச் சமயத்தவராயினும், இந்த ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்களின் மக்களே. உங்கள் வீட்டு முதியவர்கள் இருக்கும்போதே, அவர்களுடைய பெரியவர்கள் எந்தப் பசியால் புறப்பட்டார்கள் என்று கேட்டு வையுங்கள். அதைக் குழந்தைகளுக்கும் சொல்லுங்கள்.