டிரம்முக்குள் ஒளிந்த கசிவு

மதுரை திருநகரில் சித்தப்பா வீட்டு வாசல். 1998ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள்மேல் இறக்கியிருக்கிறார். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை. டிரம் கழல வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அதனால் வண்டி உருளாமல் காப்பது அந்தக் கட்டைகள்தான். "ஜாக்கியை மட்டும் நம்பி அடியில கையைக்கூட விடாதப்பா" என்கிறார். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

வண்டியின் புகார் இரண்டு. பிரேக் ஆயில் மட்டம் மெதுவாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. பிரேக் போட்டால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. "அப்ப இடது பக்கம் பிடிக்கலைன்னு அர்த்தம். அங்கிட்டே ஆரம்பிப்போம்."

சக்கரத்தைக் கழற்றி, நடுமூடியைத் தட்டி எடுத்து, அச்சு நட்டை விடுவிக்கிறார். டிரம் அசையவில்லை. டிரம்மின் உட்புறத்தில் பிரேக் ஷூவின் லைனிங் உரசாத விளிம்பு மட்டும் தேயாமல் வரம்பு கட்டி நிற்கும். ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் கேபிளை நன்றாகத் தளர்த்தி, மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டத் தட்ட டிரம் கையோடு வருகிறது.

உள்ளே கறுப்புத் தூசி. ஊதவோ காற்றடிக்கவோ அவர் விடவில்லை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பதுண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக்கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வைக்கிறார்.

இப்போது எல்லாம் தெரிகிறது. பிறை வடிவில் இரண்டு ஷூக்கள், அவற்றைத் தள்ளும் வீல் சிலிண்டர், இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். வண்டி முன்னே போகும்போது, சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வைக்கும். அதனால் முன் ஷூவின் லைனிங்தான் முதலில் தேயும். இங்கே தேய்மானத்தைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது: லைனிங் ஈரமாக மின்னுகிறது. சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் ஆயில் வழிகிறது. இத்தனை நாளும் கசிந்ததெல்லாம் உறைக்குள்ளும் லைனிங்கிலும் ஊறிக் கிடந்திருக்கிறது.

"ஷூவைக் கழுவிப் போட்டுக்கலாமா சித்தப்பா?"

"ஆயில் குடிச்ச லைனிங் காயாது. ரெண்டு பக்கமும் செட்டா மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா இழுப்பு போகாது."

ஆனால் வலப்பக்கத்தை இப்போது தொடவில்லை. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். போனில் ஒரு படமும் எடுத்தாயிற்று. ஸ்பிரிங் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி.

சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதும். இதில் விரல்நுனிக்கே குழிகள் தட்டுப்படுகின்றன. டாட் 3 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் உலோகம் அரிக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பரும் சீக்கிரமே கிழியும். தேய்ந்ததை மாற்றுவது பாதி வேலைதான். ஏன் கெட்டது என்று தேடிப் பார்க்காவிட்டால் புது ஷூவும் இதே கதிக்குத்தான் வரும். புது சிலிண்டரை டிவிஎஸ் கர்லிங் என்று பெயர் சொல்லியே வாங்கி வந்திருக்கிறார். அதன் பின்னால் இருப்பது 1962இல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பர் பக்கம் வரக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். ஷூ உரசும் மேடுகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸைத் துளியாகத் தடவுகிறார். டிரம்மின் உட்புறம் லேசான கீறல்தான், உப்புத்தாள் போதும். ஆழமான பள்ளமிருந்தால் லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைய வேண்டும். அனுமதித்த அளவைத் தாண்டித் தேய்ந்த டிரம்மைக் கடையவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வலப்பக்கமும் முடிந்தபின் காற்று எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் தொலைவிலுள்ள இடது பின்சக்கரம் முதலில். மிதியில் நான். வீல் சிலிண்டரின் நிப்பிளில் தெளிவான குழாய்; அதன் மறுமுனை ஆயில் ஊற்றிய பாட்டிலில். "மிதி… பிடிச்சுக்க… இப்ப விடு." நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" வரும். குமிழி நிற்கும்வரை இதே பாட்டு. டப்பாவில் ஆயில் வற்றினால் மறுபடி காற்று புகுந்துவிடும் என்பதால் நடுநடுவே ஊற்றுகிறார். வெளியே வந்ததைத் திரும்ப ஊற்றுவதில்லை. பெயின்ட்டில் சிந்திய துளியை உடனே தண்ணீரால் கழுவுகிறார், இல்லையென்றால் பெயின்ட் உரியும்.

மிதி கெட்டியான பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளை முறுக்குகிறார். அதை முதலில் இறுக்கினால் ஷூ டிரம்மிலேயே உரசிக்கொண்டிருக்கும். பின்சக்கரங்கள் கையால் தடையின்றிச் சுற்றுகின்றன.

ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, சில முறை மிதமாக பிரேக் போடுகிறோம். இழுப்பு இல்லை. திரும்பி வந்ததும் இரண்டு டிரம்களுக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டிச் சூட்டை ஒப்பிடுகிறார். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அந்தப் பக்க ஷூ விடாமல் உரசுகிறது என்று பொருள். மறுபடி கழற்ற வேண்டியதுதான். இரண்டும் ஒரே சூடு என்று உறுதியான பிறகே வண்டியைப் பெரிய ரோட்டுக்கு எடுக்கச் சம்மதிக்கிறார்.