பாட்டிக்கு ஒரு வீடு

எங்க காலேஜ் மெஸ் வாசலில் படுத்திருந்த நாய்க்குப் பேரு பாட்டி. யார் வெச்ச பேருன்னு தெரியாது. நான் முதல் வருஷம் சேர்ந்தப்பவே அதுக்கு முகமெல்லாம் நரைச்சிருந்தது. காதுல ஒரு சின்ன வெட்டு, கருத்தடை செஞ்சு விட்டதுக்கான அடையாளம். யார் மேலயும் வந்து விழாது, குரைக்காது. தட்டு கழுவ வர்றவங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கும், அவ்வளவுதான்.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, தடுப்பூசியும் கருத்தடையும் செய்து காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது. அதுவரைக்கும் 2023-ஆம் வருஷ விதிகள்படி, எங்கே பிடித்தார்களோ அங்கேயே விடுவதுதான் நடைமுறை. பாட்டி காதில் இருந்த வெட்டு அந்தப் பழைய கணக்கு.

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. நான் எந்தப் பக்கமும் பேசல. போன வருஷம் என் நண்பனை ரோட்டில் ஒரு நாய் கடிச்சது. 0, 3, 7, 28-ன்னு நாலு தடவை ஊசிக்கு அரசு மருத்துவமனைக்கு அவன்கூட போனது நான்தான். ரேபிஸ் அறிகுறி தெரிஞ்ச பிறகு அநேகமா யாரும் பிழைக்கிறதில்ல. அவன் பயத்தைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா பாட்டியைத் தெரியாத நாய்களுக்கு நடுவில் ஒரு கூண்டில் வெச்சு நினைச்சுப் பார்க்கவும் முடியல.

"தாத்தா, ஒரே ஒரு வாரம்"னு சொல்லி ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்.

நானும் தாத்தாவும் அடையவளஞ்சான் வீதியில் வாடகை வீட்டில் இருக்கோம். ஹவுஸ் ஓனர் கண்டிஷன்: முட்டைகூட வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதனால பாட்டிக்கு ரெண்டு வேளையும் தயிர் சாதம். அவிச்ச முட்டை நண்பன் ரூமிலிருந்து டிபன் பாக்ஸில் வரும், அம்மா மண்டபம் பக்கம் வாக்கிங் போறப்போ நடக்கும் விருந்து அது.

முதல் நாள் ராத்திரி பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்துச்சு. "பாதி பாராசிட்டமால் குடுடா"ன்னான் ஒருத்தன். நல்லவேளை குடுக்கல. மறுநாள் கால்நடை டாக்டர் சொன்னார்: "மனுஷனோட வலி மாத்திரை நாய்க்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துடும், தம்பி." கண்ணில் இருந்த நீல மூட்டம் புரை இல்லையாம். வயசானா லென்ஸ் கெட்டியாகி அப்படித் தெரியுமாம். பல்லைப் பார்த்துப் பத்து வயசுக்கு மேலன்னார். மூட்டுத் தேய்மானம், வழுக்குற தரையில் நடக்க விடாதேன்னார். ஹால் டைல்ஸ் மேல சாக்கு விரிச்சேன். வாசப்படிக்குப் பலகையில் ஒரு சரிவு செஞ்சேன். மெக்கானிக்கல் படிச்சு நான் உருப்படியா முடிச்ச முதல் புராஜெக்ட் அதுதான்.

மார்கழி வந்தது. விடியறதுக்கு முன்னாடி கோலத்தை மிதிக்காம பாட்டியை நடத்திக் கூட்டிட்டுப் போறது பெரிய வித்தை. ஒரு வாரம் ஒரு மாசம் ஆச்சு. ஓனர் கேட்க ஆரம்பிச்சார். ஜூன்ல எனக்குச் சென்னையில் வேலை. தாத்தாவால் நாயைத் தூக்க முடியாது. வேற வீடு பார்த்தே ஆகணும்.

போட்டோ போட்டேன். போன் வந்தது. "என்ன வயசு?"ன்னு கேட்பாங்க. சொன்னதும் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்." அந்த வீட்ல இருந்து திரும்ப போனே வராது. அதனால அடுத்த பதிவில் வயசைப் போடல. "சாதுவான நாய், தடுப்பூசி போட்டாச்சு"ன்னு மட்டும் போட்டேன். ஒரு குடும்பம் வந்து கூட்டிட்டுப் போச்சு. நாலாம் நாள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாங்க. ராத்திரி ஹாலில் ஒண்ணுக்குப் போயிடுச்சாம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி"ன்னு அந்த அக்கா கேட்டாங்க. கோபமா கேட்டிருந்தா பதில் பேசியிருப்பேன். பாட்டி ரெண்டு நாள் சாப்பிடல. அந்த ரெண்டு நாளும் என் கணக்கில்தான்.

அதுக்கப்புறம் எல்லாத்தையும் எழுதினேன். பத்து வயசுக்கு மேல. கண் மங்கல். மூட்டு வலி. ராத்திரி அடக்க முடியாது. காவலுக்கு உதவாது. இன்னும் எத்தனை வருஷம்னு தெரியாது.

பத்து நாளா எதுவும் வரல. பதினொன்றாம் நாள் பொன்மலைப்பட்டியிலிருந்து ஒரு போன். ரயில்வே பணிமனையில் வேலை செஞ்சு ரிட்டயர்டு ஆனவர். அவர் வளர்த்த நாய் ஆறு மாசம் முன்னாடி இறந்துபோச்சாம். வயசைக் கேட்கல. "ராத்திரி எத்தனை தடவை எழுப்பும்?"ன்னார்.

"ரெண்டு தடவை, சார்."

"சரி. நானும் ரெண்டு தடவை எழுந்துக்கிறவன்தான்."

பொங்கல் முடிஞ்சு கொண்டுபோய் விட்டேன். தெருநாயைத் தத்தெடுக்க விரும்பறவங்க உள்ளாட்சியில் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வரக்கூடாதுன்னு 2025 ஆகஸ்ட் 22 உத்தரவிலேயே இருக்கு. மாநகராட்சியில் கேட்டுக்கச் சொன்னேன். "ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டேன்"னார். பலகையையும் சாக்கையும் ஆட்டோவிலேயே கொண்டுபோயிருந்தேன். பாட்டி அவர் வீட்டுத் திண்ணையை மோந்து பார்த்துச்சு, படுத்துச்சு. நான் கிளம்பினப்போ எழுந்திரிக்கல. காவிரிப் பாலம் வர்ற வரைக்கும் அதுதான் உறுத்திக்கிட்டே இருந்தது. எழுந்து வந்திருந்தா இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோணுச்சு.

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். கொஞ்சம் குண்டாகியிருக்கு. நான் பிடிச்ச சரிவுக்கு அவர் ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சிருக்கார். "நீ போட்டது ஆடுச்சு தம்பி"ன்னார்.

பாட்டி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துச்சு. மெஸ் வாசலில் பார்க்கிற அதே பார்வை.