பின்னிருக்கைக்கே முதல் செலவு

மோட்டார் சைக்கிளின் முன்னிருக்கையில் அமர்பவருக்குப் பற்றிக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. பிரேக் அவருடைய கைக்கும் காலுக்கும் எட்டுகிறது. வரப்போகும் பள்ளமும் அவர் கண்ணுக்கே முதலில் படுகிறது. பின்னால் ஒருக்களித்து அமர்ந்து, மடியில் ஒரு பையையும் வைத்திருக்கும் பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. ஆயினும் புதிய வண்டி வாங்கும் நாளில் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் என்று நாம் செலவிடுவதில் பெரும்பகுதி முன்னவருக்கும் வண்டியின் அழகுக்குமே போய்விடுகிறது. டேங்க் கவர், கிரிப் கவர், செல்ஃபோன் ஸ்டாண்ட், கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்கு என்று பட்டியல் நீள்கிறது.

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் எங்கள் வீட்டிற்கு ஒரு வண்டி வந்தது. மேலப்பாளையத்திலிருந்து காயல்பட்டினத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர், ஆறுமுகநேரி வழியாக மாதம் இருமுறையேனும் நானும் மனைவியும் போய்வர வேண்டியிருக்கிறது. வண்டி வந்த அதே வாரத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் வெள்ளைத் துப்பட்டி, மகனுடைய வண்டிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. வண்டி மெதுவாகச் சென்றதால் தோள்பட்டை எலும்பு முறிவோடு போயிற்று. அல்லாஹ் காத்தான். அவரைப் பார்த்துவிட்டு வந்த இரவு என் மனைவி தம் அபாயாவின் கீழ்விளிம்பை விரித்து முழம் போட்டுப் பார்த்தார். ஃபிட்டிங்ஸுக்கென்று ஒதுக்கிய பணம் முழுவதும் பின்னிருக்கைக்கே என்று அன்று முடிவாயிற்று.

துணி எப்படிச் சிக்குகிறது என்பதை அறிந்தால்தான் எதைப் பொருத்துவது என்று தெரியும். பதினெட்டு அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஆறு சுற்று. விளிம்பு ஆரக்கால்களுக்குள் நுழைந்ததைப் பின்னால் இருப்பவர் உணர்ந்து குரல் கொடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் படியும் வேண்டும். உடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. நாம் சாரி கார்டு என்று அழைப்பது இந்தத் தடுப்பைத்தான். வண்டியின் தோற்றம் கெடுகிறது என்று இதைக் கழற்றி வீசும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். திருமணத்திற்குப் பிறகாவது அதைத் தேடி எடுத்து மாட்டினால் நல்லது.

ஆனால் சாரி கார்டு இடப்புறத்திற்கு மட்டுமே வருகிறது. சேலை உடுத்தி இடப்புறம் பார்த்து அமர்பவரை எண்ணிச் செய்யப்பட்டது அது. அபாயாவோ சுற்றளவு மிகுந்த உடை. காற்றில் வலப்புறமும் பறக்கும். அங்கே சைலன்சர் இருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் அபாயாத் துணிகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் வகை. சூடான சைலன்சரில் பட்டால் அவை உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே வலப்புறத்திற்கும் ஒரு கம்பி வலைத் தடுப்பைப் பட்டறையில் செய்து வாங்கினோம். பட்டறைக்காரர் முதலில் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். நான் ஒப்பவில்லை. பின்புறக் கைப்பிடிக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நிறுவனமே வைத்திருக்கும் போல்ட் இடங்களில் பட்டைத் தகடு கொடுத்து முடுக்கினால் போதும். வண்டியின் சட்டத்தில் கை வைக்கத் தேவையில்லை. பொருத்தியபின் இருவர் அமர்ந்து நன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது தடுப்பு டயரையோ சங்கிலிக் கவரையோ தொடக் கூடாது. அதிர்வில் நட்டு தளரும் என்பதால் நைலாக் நட்டு போடச் சொன்னேன். அப்படியும் முதல் இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது.

அமரும் முறையைப் பற்றி வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஒருக்களித்து அமர்பவரின் எடை ஒரு பக்கமாகவே இருக்கும். திடீரென்று பிரேக் பிடித்தால் பற்றிக்கொள்ள அவருக்கு ஒரு தோளும் பின்கம்பியும்தான் உண்டு. நீண்ட பயணத்தில் இருபுறமும் கால் போட்டு அமர்வதே பாதுகாப்பு என்பது என் எண்ணம். மனைவி அபாயாவுக்குள் தளர்வான கால்சட்டை அணிந்து, விளிம்பை இருபுறமும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு அப்படியே அமர்ந்து வந்தார். காயல்பட்டினத்தில் இறங்கியதும் மாமியார் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்பிள்ளை, பொம்பளைப் பிள்ளை இப்படியா உக்காந்து வருவா? ஊரு என்ன பேசும்?" நான் பதில் தேடுவதற்குள் மனைவி சொன்னார்: "கீழே விழுந்து துணி விலகிக் கிடந்தா ஊரு என்னம்மா பேசும்?" மாமியார் அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்வதற்கில்லை. ஊருக்குள் குறுந்தொலைவுக்கு இன்றும் ஒருக்களித்தே அமர்கிறார். அதற்கென இடப்புறத்தில் அகலமான லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் இருக்கிறது.

ஹெல்மெட்டில்தான் நம் வீடுகளில் சாக்கு அதிகம். ஹிஜாபுக்கு மேல் அது உட்காராது என்பார்கள். உட்காரும்; வாங்கும் முறையில்தான் இருக்கிறது. புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி நாடா வைத்து அளக்க வேண்டும். அந்த அளவை, பயணத்தில் அணியும் ஹிஜாபைக் கட்டியபடியே எடுக்க வேண்டும். வெறும் தலையில் 56 சென்டிமீட்டர் இருந்த மனைவிக்கு, ஹிஜாபோடு 58 வேண்டியிருந்தது. பயணத்திற்கென மெல்லிய பருத்தி ஹிஜாபை ஒரே சுற்றாகக் கட்டி, கொண்டையைப் பிடரிக்குக் கீழே இறக்கிக்கொள்கிறார். ஊசிகள் ஒன்றுகூட ஹெல்மெட்டுக்குள் இருக்கலாகாது. அடிபட்டால் அவை தலைக்குள்தான் இறங்கும். அணிந்தபின் ஹெல்மெட்டை அசைத்தால் கன்னத் தோலும் கூடவே அசைய வேண்டும்; தாடைப் பட்டைக்குள் இரு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆயினும் சாலையோரக் குவியல்களில் அவை இன்னும் கிடைக்கத்தான் செய்கின்றன. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கினால் மீளாது. எனவே விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் சிறிதாக இருந்தாலும், தம்பிக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் மகளுக்கு ஏழு வயது. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மக்தபுக்கு நான் அழைத்துச் செல்லும் காலைகளில், வாகனத்தில் ஏறும் துஆவை ஓதி முடித்துப் பட்டையைப் பூட்டும் ஓசை கேட்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்பது அவள் வகுத்த சட்டம். மூவரும் ஒன்றாகப் போக வேண்டியிருந்தால் பேருந்துதான். ஓட்டுநரைத் தவிர ஒருவரையே ஏற்றலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

பஜ்ருக்குப் பின் இருட்டோடு கிளம்பும் நாட்களில் இன்னொன்று தெரியவந்தது. கறுப்பு வண்டி, கறுப்பு அபாயா, கறுப்பு ஹெல்மெட். பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஒரு சிவப்புப் புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வாகனம் ஒரு நொடியில் பதினேழு மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஹெல்மெட்டின் பின்புறத்திலும் வலைத் தடுப்பின் இரு ஓரங்களிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினோம். நாங்கள் வாங்கியவற்றுள் மிகவும் மலிவானது இதுதான். சீட் கவரை வாங்கவில்லை. வழுக்கும் ரெக்சின் உறையில் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சறுக்குவார்.

மழை உடை மட்டும் இன்னும் அமையவில்லை. தலை வழியே போடும் போர்வை போன்ற மழைக்கோட்டு காற்றில் பறந்து மீண்டும் சக்கரத்திற்கே போகும். சட்டையும் கால்சட்டையுமாக இரண்டு துண்டாக இருப்பதே வேண்டும். அபாயாவின் கீழ்ப்பகுதியை அந்தக் கால்சட்டைக்குள் அடக்கிக்கொள்ளலாம். கடைகளில் ஆண்களுக்கான அளவுகளே தொங்குகின்றன. பெரிய அளவில் ஒன்றை வாங்கி, உயரத்தைக் குறைத்து இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தரும்படி தையற்காரரிடம் கொடுத்திருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.