மூடிய கோப்பு

கடைத்தெருவில் கட்டடம் ஒன்றின் உரிமையாளரான பெரியவர், தடித்த கோப்புடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். சொந்தத் தொழிலுக்குக் கடை வேண்டுமென்று வாடகைதாரர்மீது அவர் தொடுத்த வழக்கு, மேல்முறையீட்டிலும் தோற்றிருந்தது.

“சாமி, அதே வழக்கை மகன் பெயரில் போட்டால் என்ன?”

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 11ஆம் பிரிவில் அவ்வழியை அடைத்துவிட்டது. தீர்ந்த வழக்கை அதே தரப்பினரோ, அவர்வழி உரிமை கோருவோரோ மீண்டும் எழுப்பலாகாது. அன்று சொல்லத் தவறிய வாதமும் சொல்லப்பட்டதாகவே கொள்ளப்படும்.

பெங்களூரில் வாடகைதாரரான தந்தை உயர் நீதிமன்றம்வரை தோற்று, காலி செய்ய ஆறு மாதத்திற்கு மேல் தவணையும் பெற்றார். பின்னர் மகன், அவ்வாணை மோசடியால் பெறப்பட்டதென்று புதுவழக்குத் தொடுத்தார். அதன்பின் வேறொரு நீதிமன்றத்தில் இன்னொன்று! 1977இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ண ஐயர் அதனை மிகக் கடுமையாகக் கண்டித்தார். இதைச் சொன்னேன்.

“அப்படியானால் தவறான தீர்ப்பும் தீர்ப்புத்தானா, சாமி?”

ஆம் என்றேன். சொல்ல நா எழவில்லை. நியாயம் அவர் பக்கமே இருந்ததென்று இன்றும் எண்ணுகிறேன். புதிதாக வாடகை பாக்கி விழுந்தால் அது வேறு காரணம், வேறு வழக்கு என்றும் சொல்லிவைத்தேன்.

“அவன் மாதந்தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுகிறானே!” என்றார், மிகுந்த எரிச்சலோடு.